கட்டில் படமும் சுத்தியல் படமும்

பிரான்ஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இந்த வருடம் டக்கோகிராஃப் பெட்டியைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ரூ பெர்தொனே தெருவில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அதே பேச்சு. "பெரிய கமியோன் லொறிக்குப் பூட்டின பெட்டியை இனி வானுக்கும் பூட்டவேணுமாம். இனிக் கொட்டாவி விடவும் அவங்களைக் கேக்கவேணும்" என்று கடைக்கார அண்ணை புறுபுறுப்பார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். மனதுக்குள் மட்டும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன்.

எங்களிடம் மூன்று வான்கள் இருக்கின்றன. இங்குள்ள மொத்த வியாபாரக் கடைகளின் சாமான்களை ஜெர்மனியிலும் சுவிஸிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு ஏற்றிப் போவது தொழில். இரண்டு வான்களுக்குச் சம்பளத்துக்குச் சாரதிகள் இருக்கிறார்கள், மூன்றாவதை என் கணவர் ஓட்டுகிறார். பப்பியே வேலை, அதாவது தாள் வேலை, முழுவதும் என் தலையில். புதுச் சட்டம் இவ்வளவுதான்: கூலிக்குச் சாமான் ஏற்றி எல்லை தாண்டும் எங்கள் அளவு வான்களிலும் டக்கோகிராஃப் இருக்கவேண்டும். சாரதி எப்போது ஓட்டினார், எப்போது நின்றார், எந்த எல்லையைத் தாண்டினார் என்று அது பதிந்துகொண்டே இருக்கும். நாலரை மணித்தியாலம் ஓட்டினால் முக்கால் மணித்தியாலம் நிற்கவேண்டும்.

நிற்பது ஒன்றுதான் என் கணவருக்குத் தெரியாத வேலை. ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்குப் போனால் தானும் சேர்ந்து சாமான் இறக்குவார். அங்குள்ள கடைக்காரர் அவருக்கென்று சோறு எடுத்து வைத்திருப்பார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் சாப்பிட்ட கை காய முன்னமே இவர் திரும்பிவிடுவார். "நித்திரை வந்தாக் கண்ணாடியைத் திறந்து விடுவன்" என்பார், ஏதோ டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து போல. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நானும் சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. போன வருடம் எங்களுக்குத் தெரிந்த ஒரு சாரதி கண்ணயர்ந்து, வானோடு போய் நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதினார். உயிர் தப்பியது பெரிய காரியம். இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்து, "கவனமா ஓடியிருக்கலாம்" என்று புத்தி சொல்லிவிட்டு, அடுத்த நாள் விடிய ஜெர்மனிக்கு வெளிக்கிட்டார். அதிலிருந்து இவர் பயணம் போகும் நாட்களில் தொலைபேசி அடித்தால் யாருடைய இலக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ஆகவே சட்டம் வருகிறது என்றதும் லா சப்பலிலேயே முதல் ஆளாக ஓடினேன். மூன்று வான்களையும் ஒவ்வொன்றாக லா கூர்நேவ் பக்கம் ஒரு கராஜில் விட்டுப் பெட்டி பூட்டுவித்தேன். சாரதிகளுக்கான கார்த்து அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன். இவருடைய வானை எடுக்கப் போன அன்று, அதைப் பூட்டிய பெண் பாவிக்கும் விதத்தைச் சொல்லித் தந்தாள். அவள் பிரெஞ்சில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். இவர் கார்த்தைச் செருகினார். தொடங்கும் நாடு எது என்று திரை கேட்டது. இவர் பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன தேடுறீங்கள்?"

"இலங்கை இதிலை இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவரைப் பிழை சொல்ல முடியாது. அகதியாக வந்த மனிதரிடம் இதுவரை எந்தத் தாள் நாட்டைக் கேட்டாலும் பிறந்த நாட்டைத்தானே கேட்டிருக்கிறது. "இண்டைக்கு வானை எங்கையிருந்து எடுக்கிறீங்கள் எண்டுதான் கேக்குது" என்றேன். "அதுவே?" என்று பிரான்ஸை அமத்தினார்.

அடுத்தது படங்கள். வான் நின்றதும் திரையில் இரண்டு சுத்தியல் வரும், வேலை என்று அர்த்தம். ஓய்வு எடுப்பதென்றால் பொத்தானை அமத்திக் கட்டில் படத்துக்கு மாற்றவேண்டும். இவர் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படுக்காமல் கட்டிலை அமத்தினாப் பொய்யெல்லோ? அரசாங்கப் பெட்டிக்குப் பொய் சொல்லி, நாளைக்கு வதிவிடப் பப்பியேயிலை கை வைச்சாங்களெண்டால்? கேட்டுச் சொல்லும்."

பகிடி இல்லை, உண்மையாகவே பயந்துதான் கேட்டார். அகதி விசாரணையில் ஒரு திகதியை மாறிச் சொன்னதற்காக வருடக்கணக்காக அலைந்தவர். என்னிடம் ஆயிரம் சாட்டுச் சொல்வார், ஆனால் அரசாங்கம் கேட்டால் எழுத்துப் பிசகாமல் பதில் சொல்வார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, படுக்கத் தேவையில்லை, கோப்பி குடிக்கலாம், நடக்கலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது என்றாள்.

"என்னவாம்?"

"படுக்கத்தான் வேணுமாம்" என்றேன். "முக்கால் மணித்தியாலமும்."

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் விட்ட கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பெட்டியோடு அவர் போன முதல் பயணம் ஒரு சனிக்கிழமை. வழக்கமாக ஜெர்மனி எல்லையில் உள்ள ஆகனைத் தாண்டியதும், "ஜெர்மனிக்குள்ளை வந்திட்டன்" என்று தொலைபேசி எடுப்பார். மத்தியானம் ஆகியும் தொலைபேசி வரவில்லை. நான் எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. வீட்டில் இருக்க முடியாமல் வெளிக்கிட்டு ரூ லூயி-பிளாங் வழியாக ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை நடந்தேன். எதிரில் வந்த தெரிந்தவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. டோர்ட்முண்ட் கடைக்காரருக்கு எடுத்தால், இன்னும் வரவில்லை என்றார். மெத்ரோ படியடியில் நிற்கும்போது இவருடைய இலக்கம் திரையில் வந்தது.

"படுத்திருந்தனப்பா" என்றார். குரலில் நித்திரை கலையவில்லை. "லியேஜ் தாண்ட, நேரம் முடியுதெண்டு பெட்டி கத்தத் தொடங்கிட்டுது. ஒரு பார்க்கிங்கிலை விட்டிட்டுக் கட்டிலை அமத்தினன். அமத்தினாப் பிறகு படுக்கத்தானே வேணும். சீட்டைச் சாய்ச்சுக் கண்ணை மூடினதுதான் தெரியும். ரெண்டு மணித்தியாலம் போயிட்டுது."

"நல்லது" என்றேன்.

வழக்கத்தில் உடனே வைத்துவிடுகிறவர் அன்று வைக்கவில்லை.

"இஞ்சேரும், இந்தப் பக்கம் முழுக்கக் காடு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம். இவ்வளவு வருசமா இதாலை ஓடுறன், இப்பிடியொரு காடு இருக்கெண்டு இண்டைக்குத்தான் காணுறன்." வான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "அப்ப இவ்வளவு நாளும் நான் இந்த இடத்தை எப்பிடித் தாண்டிப் போனனான்?"

"ஆறுதலா, அவசரப்படாமல் வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். பிறகு, ஆட்கள் ஏறி இறங்கும் அந்தப் படியிலேயே குந்தியிருந்து, அவர் கண் சொருகியபடி ஓடியும் உயிரோடு எனக்குத் திரும்பி வந்த அத்தனை தடவைக்கும் சேர்த்து அழுதேன்.