பருத்திக்காட்டுக் கீழாநெல்லி

ஈரல் கெட்ட எலிகளுக்கு எங்கள் ஆய்வகத்தில் கீழாநெல்லிச் சாற்றை நானோ துகள்களில் அடைத்துக் கொடுத்துவந்தோம். எலிகள் செத்துக்கொண்டே இருந்தன. துகள்தான் விஷம் என்று நினைத்து மூன்று மாதமாக அதைச் சிறிதாக்கினேன், பெரிதாக்கினேன்.

இன்று செடி தீர்ந்துவிட்டது. வழக்கமாகப் பறித்துத் தரும் செல்வி அக்காவைத் தேடி நானே பாடாலூர்ப் பக்கம் போனேன்.

அக்கா பருத்திக்காட்டு வரப்பில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி ஒருவர் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் இங்கதான் பறிப்பீங்களாக்கா?”

“ஆமாம்மா, இங்கதான் தளதளன்னு இருக்கும். எங்க வூட்டுக்காரருக்கும் இதைத்தான் மோருல அரைச்சுக் குடுக்குறேன். காமாலை எறங்கவே மாட்டேங்குது.”

எலிகளைக் கொன்றது எது என்று அங்கேயே புரிந்துவிட்டது. இனி இதைக் கொடுக்காதீர்கள், இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன்.

அக்கா கையிலிருந்த கீழாநெல்லிக் கட்டைப் பார்த்தார்.

“ஒங்க எலிக்கெல்லாம் சரியாயிடுச்சுல்லம்மா?”

செத்துப்போச்சு என்று நான் சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

எலிகள் செத்த காரணத்தை ஆய்வேட்டில் எழுதிவிடலாம். அக்கா கேட்டதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.