சிரங்குக்குப் பின் வந்த கன்னம்

எங்கள் வீட்டில் சிரங்கை யாரும் நோய் என்று மதித்ததில்லை. மாம்பழம் தின்பதற்குக் கொடுக்கும் வாடகை, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் என் முழங்காலிலும் மோவாயிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியபோது, “சூடு” என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். ஆறிப்போயிற்று. எல்லோரும் மறந்தும் போனோம்.

அம்மாவின் கவலையே வேறு. நான் ஒல்லிப்பிச்சான். அப்பா தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் மகள் இடுப்பில் எந்தப் பாவாடையும் நிற்காது. மேற்கு மாம்பலத்திலிருந்து வரும் அத்தை, திருநெல்வேலிப் பேச்சு மாறாமல், “பிள்ளைக்குச் சோறு போடுதியா இல்லியா?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியை வாயில் வைப்பாள். அத்தை போனதும் அம்மா அடுக்களையில் அழுவாள்.

சிரங்கு ஆறிச் சில வாரங்களில் எனக்குக் கன்னம் வந்தது. உளுந்தங்களிதான் வேலை செய்கிறது என்று அம்மா அதை இரட்டிப்பாக்கினாள். கூடவே அப்பளம், வற்றல். அத்தை கன்னத்தைக் கிள்ளி, “ஏ அம்மா, பூரிச்சுல்லா போயிருக்கா!” என்றாள். அன்றைக்கு அம்மாவின் நடையைப் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. இவ்வளவு கண் பட்டிருக்கிறதா என்று அதற்கும் ஒரு பெருமை.

பிறகு சிறுநீர் கறுப்புத் தேநீர் மாதிரி போயிற்று. சொன்னேன். “சூடு” என்றாள், இளநீர் வந்தது. ஒருநாள் காலை இமைகளைத் திறக்கவே முடியவில்லை. அப்பா கடையை மறந்து என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். பின்னாலேயே அம்மா.

டாக்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். வெந்த முட்டை போல வெளுத்துத் திரிந்தது.

“சமீபத்துல சிரங்கு வந்துச்சா?”

“அது ஆறிப்போச்சே டாக்டர். இப்பதான் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கா.”

“சதை இல்லம்மா, நீர். சிரங்கு சூட்டால வர்றதில்ல, கிருமியால வர்றது. அதை எதிர்த்து உடம்பு போட்ட சண்டையில கிட்னி அடிபட்டிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா குழந்தை மிஞ்சியிருக்காது.”

டாக்டர் என் கணுக்காலில் விரலை அழுத்தி அம்மாவுக்குக் காட்டினார்; நீர் கோத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

அப்புறம் ஊசி, படுக்கை, உப்பில்லாத கஞ்சி. அம்மாவும் உப்பைத் தொடவில்லை. அவளையும் டாக்டர் தண்டித்திருக்கிறார் என்று நினைத்தேன். விடிந்ததும் என் கணுக்காலில் விரலை அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால் அன்று முழுக்க யாரோடும் பேச்சு கிடையாது.

ஒரு காலை குழி விழவில்லை. அந்த வாரமே அத்தை வந்தாள். என்னைப் பார்த்ததும், “ஐயோ, பழையபடி எலும்பும் தோலுமா ஆயிட்டாளே!” என்றாள்.

“ஆமா மதினி, எல்லாம் வத்திட்டு” என்று அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துருத்திய என் தோளெலும்பில் முத்தம் வைத்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஒருமுறை கிடைத்த கன்னம். அது போனதற்கா இவளுக்கு இவ்வளவு சந்தோஷம்?