பத்து மணிக்கு அனுப்பியது

2003இல் மாதங்கிக்கு நாற்பத்தொரு வயது. பவானிபூரிலிருந்து பஸ் பிடித்து கிடர்பூரில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சிக்கு வேலைக்குப் போய்வந்தாள். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

கிடர்பூர், ஹால்தியா, பாரதீப், விசாகப்பட்டினம் என்று நான்கு ஊர்களில் நான்கு சர்வர்கள். மின்னஞ்சல், கப்பல் வருகைப் பட்டியல், சுங்கக் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் அவற்றில் இருந்தன. ஓர் ஊரில் ஏற்றியதை மற்ற ஊர் சர்வர்கள் வாடகைக்கு எடுத்த தொலைபேசி லைன் வழியாகப் பிரதி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷமாக எல்லாமே ஊர்ந்துகொண்டிருந்தது. லைன் சரியில்லை என்று மாதங்கி கடிதம் மேல் கடிதம் போட்டாள். ஜூலையில் லைன்காரர்கள் ஒரு வாரம் அளந்து பார்த்தார்கள். லைனில் பழுதில்லை, எந்நேரமும் நிரம்பிக் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய் என்று காட்டத்தான் அவள் நான்கு சர்வர்களின் பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பொய் இல்லை. ஒவ்வொரு சர்வரும் மற்ற மூன்றையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பெரிய பெரிய ஸ்கேன்கள் சுருக்கப்படாமல் அப்படியே போயின. கடிதங்கள் அவற்றுக்குப் பின்னால் காத்து நின்றன.

யார் இப்படி அமைத்தது என்று பாரதீப்புக்கு போன் செய்து கேட்டாள். நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் என்றார்கள். அது 1998இல், இரண்டே சர்வர்கள் இருந்தபோது எழுதியது. நான்கான பிறகு அவள் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் வேலாயுதத்தின் ஞாபகம் வந்தது. ஹால்தியாவிலிருந்து தினமும் நண்பகலுக்குள் கிடர்பூருக்குக் கப்பல் நிலவர அறிக்கை அனுப்ப வேண்டிய குமாஸ்தா. தாமதத்துக்காக மூன்று மெமோ வாங்கி, ஏப்ரலில் கிடங்குக்கு மாற்றப்பட்டவர். நேரத்தோடுதான் அனுப்பினேன் என்று அவர் விசாரணையில் சொன்னபோது, வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டி, சர்வரில் அப்படி இல்லை என்று சொன்னவள் மாதங்கி.

மார்ச் மாதக் கடிதங்களைத் திறந்தாள். அனுப்பியது காலை 10.02. சேர்ந்தது மாலை 4.40. மறுநாளும் அப்படித்தான். அடுத்த கடிதத்தை அவளால் திறக்க முடியவில்லை.

மேனேஜர் சக்ரவர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இதை எழுத்தில் கொடுக்கத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டார். அவள் எழுதியே கொண்டுபோயிருந்தாள்.

இரண்டே நாள் வேலை. மூன்று ஊர் சர்வர்களும் கிடர்பூருடன் மட்டும் பேசும்படி மாற்றினாள். கடிதம் உடனே போகும். ஸ்கேன்கள் சுருங்கி, அலுவலகம் முடிந்த பிறகு போகும். ஆறு மணி நேரம் ஆனது இரண்டு நிமிஷமாயிற்று. ஆபீஸே வந்து பாராட்டியது. அவள் தலை நிமிரவில்லை.

பஸ் ஏறி ஹால்தியாவுக்குப் போனாள். வேலாயுதம் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க பத்து மணிக்கே அனுப்பிச்சிருக்கேள். தப்பு என்னோடது,” என்றாள்.

அவர் கையிலிருந்த சீட்டைக் கட்டி முடித்தார்.

“கடைசில எனக்கே எம்மேல சந்தேகம் வந்திருச்சு மேடம். ஒன்பதரைக்கே அனுப்ப ஆரம்பிச்சேன். அப்பவும் லேட்டுன்னாங்க.”

மெமோக்கள் ரத்தாயின. ஆகஸ்டில் வேலாயுதம் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். மாதங்கியிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.