ஆமைக்குட்டிக்குக் கோன்சாக் கட்டிய வீடு

கோன்சாக் ஓர் ஆரம்ப சூரன். லா டிக் தீவில் இது ஊரறிந்த விஷயம். அவன் வீட்டுப் பின்பக்கம் ஒரு படகு நிற்கிறது, முன்பாதி மட்டும். அடுப்பறைக்குக் கூரையும் பாதிதான், மழை வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவான். அக்கார்டியன் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி ஒரு பாட்டின் முதல் பாதியோடு நின்றுவிட்டான். கல்யாண வீடுகளில் அதையே திரும்பத் திரும்ப வாசித்து, உதை விழுவதற்குள் தப்பி வந்திருக்கிறான். அவன் முழுசாக முடிக்கிற காரியம் உலகத்தில் ஒன்றுதான்: மூங்கிலில் மீன் கூடு பின்னுவது. மீன் உள்ளே போக வாய் இருக்கும், வெளியே வர வழி இருக்காது. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்படிப்பட்டவனுக்கு மரில்டா மேல் ஆசை. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாளே, அந்த மரில்டாதான். ஐம்பது நெருங்குகிறது, வாய் மட்டும் பதினெட்டில் நிற்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருநாள் ஆட்டம் முடிந்ததும் கோன்சாக் போய்க் கேட்பான். அவளும் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைச் சொல்வாள்.

"என் கல்யாணம்னா மதாமை வெட்டணும்யா. எனக்கு மனசு வராது."

மதாம் என்பது அவள் ஆமை. பெண் குழந்தை பிறந்தால் ஒரு ஆமைக்குட்டியைக் கொடுத்து வளர்க்கச் சொல்வதும், அவள் கல்யாணத்தன்று அதையே பந்திக்குச் சமைப்பதும் தீவில் அந்தக் காலத்துப் பழக்கம். மரில்டா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதாம் சாப்பாட்டு மேசை அளவுக்கு வளர்ந்து வீட்டைச் சுற்றியுள்ள வளவு முழுக்க உலாத்துகிறது. இந்தக் காலத்தில் யாரும் வெட்டுவதில்லை என்பது கோன்சாக்குக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உண்மைக் காரணத்தை இந்த வருஷம்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டா எனக்குப் பாதிக் கல்யாணம்தான் ஆகும். மீதிப் பாதிக்கு நான் யாரைத் தேடுவேன்?"

கோன்சாக்குக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் இல்லை.

அதே வளவில் குடியிருக்கும் அவள் தம்பி ஆன்டனினுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஸெலி என்று பெயர். அத்தை சீராக மரில்டா தன் மதாமின் குட்டி ஒன்றைக் கொடுத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி; துணி அலசும் தொட்டியில் வளர்ந்து கொண்டிருந்தது. இனி அதற்கு வெயில் வேண்டும், மண் வேண்டும். ஆனால் வெளியே விட்டால் எலி இருக்கிறது, பூனை இருக்கிறது, நிலத்து நண்டு இருக்கிறது.

"ஒரு பட்டி கட்டிக் கொடு," என்றாள் மரில்டா. "ஸெலிக்கு ஞானஸ்நானம் வர்றதுக்குள்ள முழுசா முடிச்சிருக்கணும். அன்னைக்குக் குட்டியும் உசிரோட இருக்கணும். அப்புறம் நீ கேளு, நான் பதில் சொல்றேன்."

ஆன்டனினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்னை மச்சான்னு கூப்பிடலாமா வேண்டாமான்னு ஒரு ஆமைதான் சொல்லணுமா? மெதுவா நடக்கிற பிராணியாச்சே!"

தென்கிழக்குக் காற்று வீசுகிற காலம், கடலுக்குப் போக முடியாது. கோன்சாக் அன்றே மூங்கிலைப் பிளந்தான். இரண்டு நாளில் கவிழ்த்துப் போட்ட பெரிய கூடை மாதிரி ஒன்று தயாராகிவிட்டது. தழை போடக் கை நுழைகிற மாதிரி, குட்டி வெளியே வர முடியாத மாதிரி, பக்கவாட்டில் ஒரு வாயும் வைத்திருந்தான். பின்னல் அத்தனை அழகு. குட்டியை உள்ளே விட்டதும் ஊரே வந்து பார்த்தது. மரில்டாகூட ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அவள் போட்ட கூச்சல் படகுத்துறை வரைக்கும் கேட்டது.

கோன்சாக் ஓடிவந்து பார்த்தான். கூட்டுக்குள் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது, கை அகலத்துக்கு. வாய் வழியாகச் சுகமாக உள்ளே வந்திருக்கிறது. வெளியே போக வழி தெரியாமல் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மீனுக்கு வைக்கிற வாயை ஆமை வீட்டுக்கும் வைத்தவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான். குட்டியைக் காணோம்.

"நல்லா பிடிக்குதுய்யா உன் கூடு!" மரில்டாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் பட்டி கேட்டா, நீ என் குட்டியைத் தூண்டில்ல கோத்து வச்சிருக்கியே!"

கோன்சாக் நண்டைப் பிடித்து வெளியே எடுத்தான். அது விரலைக் கடித்தது; கடிக்கட்டும் என்றிருந்தான். பிறகு மண்டியிட்டுப் புல்லை ஒவ்வொரு கொத்தாக விலக்கினான். கூட்டின் ஓரத்தில் ஒரு வேருக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு குட்டி ஒடுங்கிக் கிடந்தது. ஓட்டின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவன் அதைத் தூக்கியதும் தலையை நீட்டி அவன் கட்டைவிரலைத் தழை என்று நினைத்துக் கடித்துப் பார்த்தது. கோன்சாக் வெட்கமில்லாமல் அழுதான். மரில்டாவும் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள்.

அந்த நண்டு தேங்காய்ப்பால் கறியானது. அவனுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

மூங்கிலை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. மூங்கில் கூட்டுக்குள் இருந்தபோது குட்டி இடுக்கு வழியாக வெளியே பார்த்துப் பார்த்து, நாள் முழுக்க மூங்கிலை முட்டிக்கொண்டே இருந்ததும் நினைவுக்கு வந்தது. வெளியே தெரிந்தால் போகத்தான் ஆசைப்படும், யாராயிருந்தாலும். ஆகவே சுவர் கல்லால்தான் என்று முடிவு செய்தான். தக்கமாக்கா மரத்தடியில் இடம் பார்த்தான். காலை வெயில் பாதிக்கு, மத்தியான நிழல் பாதிக்கு. எலி தோண்டி வர முடியாதபடி ஒரு முழ ஆழத்துக்குக் கல்லை இறக்கினான். குட்டி தொற்றி ஏற முடியாதபடி சுவரை உள்பக்கம் கொஞ்சம் சாய்த்தான். ஒரு மூலையில் புரள்வதற்குச் சேறு, இன்னொரு மூலையில் கவிழ்ந்து விழுந்தாலும் மூழ்காத தட்டையான மண்தட்டில் தண்ணீர். மேலே போடச் சட்டத்தில் கம்பிவலை அடித்தான். வேலை நடக்கும்போதெல்லாம் மதாம் வந்து அவன் தொப்பியைத் தின்னப் பார்த்தது.

"மாமியார் மெச்சுற மாதிரி கட்டு," என்றாள் மரில்டா, மதாமைக் காட்டி.

மூன்று பக்கம் எழும்பிவிட்டது. நாலாவது பக்கத்தைப் பலகை சாத்தி மறைத்திருந்தான். அவன் வாழ்க்கையில் எல்லா வேலையும் வந்து நிற்கிற இடம் அதுதான். சரியாக ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காற்று ஓய்ந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. தீவின் கோடியில் இருக்கிற பாறைப் பக்கம் சிவப்பு மீன் குவிந்திருக்கிறது என்று சேதி வந்தது. மறுநாள், ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், விடியும்போதே கூட்டாளிகள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள்.

"ஏய் கோன்சாக்! ரெண்டு மாசம் கழிச்சு வந்த கடல்டா. ஒரு பக்கச் சுவர்தானே, நாளைக்குக் கட்டிக்கலாம், வா!"

அவன் எழுந்தேவிட்டான். கையில் தூண்டிலைக்கூட எடுத்துவிட்டான். நாளைக்கு என்கிற சொல்லை அவனைவிட நன்றாக அறிந்தவர் தீவில் கிடையாது. முன்பாதிப் படகும் அப்படித்தான் நின்றது. வாசல் வரைக்கும் போனவன் தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

"நீங்க போங்கடா," என்றான். "எனக்குக் கல்லு வேலை இருக்கு."

துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மரில்டா, போகிற படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் அவன் தலை தெரியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தக்கமாக்கா மரத்தடியில் கோன்சாக் கடைசிக் கல்லைக் காலால் மிதித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தான், உடம்பெல்லாம் மண். குட்டி உள்ளே நிழலும் வெயிலும் சேருகிற இடத்தில் செம்பருத்தித் தழையை மென்றுகொண்டிருந்தது. எந்தச் சுவரையும் அது முட்டவில்லை. மரில்டா குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவனுக்குக் குளிக்கச் சோப்பு எடுத்து வந்தாள்.

மறுநாள் கோயிலில் ஸெலி தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டாள். வளவில் பந்தி, சுட்ட மீன், ஈரப்பலாக்காய் வறுவல், தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். சாப்பிட்ட கையோடு எல்லோரும் பட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். ஆன்டனின் குழந்தையைத் தூக்கி வந்து குட்டியைக் காட்டினான். குழந்தை தூங்கிவிட்டது, ஆமையும் தூங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

கோன்சாக் மட்டும் சிரிக்கவில்லை. முழுக்கால்சட்டை போட்டிருந்தான், காலில் செருப்பு வேறு.

"முடிச்சிட்டேன் மரில்டா," என்றான். "கேட்கலாமா?"

மரில்டா சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஒரு கல்லை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குட்டி வளருமில்ல? ரெண்டு மூணு வருஷத்துல இந்த இடம் பத்தாதே?"

"பத்தாது."

"அப்போ?"

"பிரிச்சுப் பெருசாக் கட்டுவேன்."

"அதுக்கப்புறமும் வளருமே? நாம செத்த பிறகும் வளருமாமே?"

கோன்சாக் யோசித்தான். முகம் வாடிவிட்டது. "இது முடியிற வேலையே இல்ல போலிருக்கே, மரில்டா."

"அதான் சொல்றேன்," என்று அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டாள். "முடியாத வேலைக்கு உன்னை விட்டா ஆளு ஏது? ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பி உன்னைக் கூப்பிட என்னால ஆகாது. பேசாம இங்கேயே வந்து இருந்துக்கோ."

கோன்சாக்குக்கு அது பதில் என்று உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆன்டனினுக்கு உடனே விளங்கிவிட்டது. "மச்சான்!" என்று அவன் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.