இரண்டாவது வரி

களை எடுத்துக்கொண்டிருந்தபோது நெல் ஓலையின் நுனி அக்காவின் இடது கண்ணில் குத்திவிட்டது. முதல் நாள் கண் சிவந்தது. மறுநாள் நீர் வடிந்தது. அம்மா காலையும் மாலையும் விளக்கெண்ணெய் விட்டாள். நான்காம் நாள் கருவிழியில் கடுகளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதை முதலில் பார்த்தவன் நான்தான். சொன்னதும் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கக் கீழச்சிவல்பட்டியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாமா அலைந்து கொண்டுவந்த இடம். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். பெண்ணுக்குக் கண்ணில் கோளாறு என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்ற பயத்தில், அம்மா அந்தக் கண்ணை நேராகப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். எண்ணெய் விடும்போதுகூட வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகைக்கு வெள்ளையடித்து அதற்குள் வைத்திருந்தார்கள். டவுனுக்கு அலையாமல் மனு கொடுக்கலாம், பயிர் நோய்க்கு யோசனை கேட்கலாம், மதுரை டாக்டருக்குக் கண்ணைக் காட்டலாம் என்று மைக் கட்டிச் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதில் ஜாதகப் பொருத்தம் பார்க்கத்தான் போனார்கள். அதை நடத்தியது பிளஸ் டூ முடித்த ஒரு பெண். யாருக்கும் அவள் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

அக்கா வலி தாங்காமல் சாப்பாட்டைத் தள்ளி வைத்த அன்றைக்கு, அம்மா கொஞ்சம் இறங்கிவந்தாள். மதுரைக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள், போட்டோ போனால் யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மூன்று பேரும் கொட்டகைக்குப் போனோம். போவதற்கு முன்னால் அம்மா அக்காவுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணுக்கு மை தீட்டி, பட்டுச் சேலை கட்டி, பூவும் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளையைப் போட்டோ எடுப்பதென்றால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வேறு விதமாகப் போட்டோவுக்கு உட்கார எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஏத்தா டீச்சரு, மகளுக்குக் கண்ணு லேசா உறுத்துது. தூசிதேன். மதுரைக்கு ஒரு போட்டோ அனுப்பிவிடு" என்றாள் அம்மா.

"எந்தக் கண்ணு அயித்தை?"

"கண்ணுன்னா கண்ணுதேன். நீ எடு."

கம்ப்யூட்டர் தலையில் பூண்டுப் பல் அளவில் ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. நேராகப் பார்க்கச் சொன்னாள் டீச்சர்.

"நேராப் பாத்தா மொகம் அகலமாத் தெரியும். ஏண்டி, அங்குட்டுத் திரும்பு. இன்னுங் கொஞ்சம். ம், அப்புடியே இரு."

"அயித்தை, டாக்டருக்குக் கண்ணு தெரியணும்ல?"

"ஒரு கண்ணு தெரியுதுல்ல? ஒண்ணப் பாத்து மத்தது தெரியாதாக்கும். டாக்டருக்குப் படிச்சவுகதானே!"

"அம்மா, இந்தக் கண்ணும்மா..." என்றாள் அக்கா, கழுத்தைத் திருப்பாமலே.

"வாய மூடுடி. படத்துல வாய் கோணிக்கிரும்."

டீச்சர் மூன்று படம் எடுத்தாள். மூன்றில் லட்சணமாக இருந்ததை அம்மா தேர்ந்தெடுத்து, அதையே மதுரைக்கு அனுப்பச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க அதிலேயே இன்னொன்றைத் தாளில் எடுத்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பதிலை வாங்கிவர ஓடினேன். கரண்ட் இல்லை. உட்காரப் பிடிக்காமல் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கரண்ட் வந்து, போன் லைன் கிடைத்து, தாள் கையில் வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. "முழுசாப் படிச்சுக் காட்டு. என்ன?" என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டில் அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அக்கா உள்ளே இருந்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன் என்பதில் எனக்குப் பெருமை. சத்தமாகப் படித்தேன்: "அனுப்பிய படத்தில் வலது கண் நன்றாக இருக்கிறது."

"மாரியாத்தா!" அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "போதும்டா ராசா. எந் தலையில இருந்த பாரம் எறங்குச்சு. அதப் பத்திரமா வையி."

அந்த வாரத்தில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டேன். கீழே இரண்டாவது வரி இருந்தது. "இடது கண் மறைந்திருக்கிறது. வலி அந்தக் கண்ணில் என்றால், நேராகப் பார்த்து, இமையைத் திறந்து, மறுபடி படம் எடுத்து இன்றே அனுப்பவும்." தாளை நாலாக மடித்து என் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் வீட்டில் வைத்துவிட்டேன் என்று பொய் சொல்லி வெளியே நின்றேன். பிறகு நிஜமாகவே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் போவேன். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். "என்னடா?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அந்த மூன்று நாளில் நான் குடித்த தண்ணீருக்குக் கணக்கே இல்லை. அக்கா வெளிச்சம் படாத மூலையாகப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாளா, கண்தான் வடிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். அக்கா தலையை விரித்துப் போட்டுப் பாதிச் சடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் புத்தகத்தை எடுத்து வந்து தாளை நீட்டினேன். இரண்டாவது வரியை என்னால் படிக்க முடியவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இப்பவாச்சும் சொன்னியே" என்று எழுந்துவிட்டாள்.

பாதிச் சடையோடு முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கொட்டகையில் நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. "டீச்சர், நேரா எடுங்க" என்றாள். கேமராவுக்கு முன்னால் குனிந்து, இரண்டு விரலால் தன் இமையைத் தானே பிரித்துப் பிடித்தாள். கண்ணீர் முழங்கை வரை வழிந்தது. விரல் நகரவில்லை. டீச்சர்தான் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து போனே வந்துவிட்டது. இன்றைக்கே புறப்பட வேண்டும் என்றார்கள்.

அதற்குள் அம்மா பால் செம்போடு வந்துவிட்டாள். "ஏண்டி, அவுக வர்ற நேரத்துல மானத்த வாங்குறியா?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். கம்ப்யூட்டர் முழுவதும் அக்காவின் கண் நிறைந்திருந்தது. சிவப்பும் சீழுமாக, நடுவில் சுண்ணாம்பு அப்பியது போல அந்த வெள்ளை. ஒரே கூரையின் கீழ் இத்தனை நாள் இருந்த கண்ணை அம்மா அந்தப் பெட்டியில்தான் முதல்முதலாகப் பார்த்தாள். செம்பைத் தரையில் வைத்தாள். அப்புறம் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"மதுரை பஸ்ஸு எத்தனை மணிக்குத்தா?" என்றாள் டீச்சரிடம். அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு வேன் வந்தது. பட்டுச் சேலைப் பெண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். "பொண்ணு எங்கப்பு?" என்று கேட்டார்கள். "மதுரைக்குப் போயிருச்சு, கண்ணக் காட்ட" என்று சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை நீட்டினேன். ஒருத்தரும் எடுக்கவில்லை.

மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும் என்று அவர்களை வாரக்கணக்கில் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்த ஆடுகளை நான் பார்த்துக்கொண்டேன். அப்படியே பள்ளிக்கூடம் என்னை விட்டுப் போய்விட்டது, தமிழ்ப் புத்தகம் மட்டும் தங்கிவிட்டது. அக்காவின் கண் பிழைத்தது. பார்வைதான் பனி மூடியது போல நின்றுவிட்டது. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் தழும்பே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகிக் கோட்டையூரில் இருக்கிறாள். பிள்ளைகளோடு எடுத்த படங்களை என் போனுக்கு அனுப்புவாள். எல்லாமே நேராகப் பார்த்த படங்கள்.

அந்தத் தாள் இன்னும் புத்தகத்துக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைப் பிரித்தபோதே இரண்டாவது வரியின் ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. முறுக்குத் தின்ற கையால் நான்தான் தொட்டுவிட்டேன் என்று நினைத்து, திட்டு விழுமோ என்று பயந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இப்போதும் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். விளக்கெண்ணெய் பட்ட விரல் ஒன்றின் அடையாளம். அக்கா எட்டாவது வரை படித்தவள் என்பது அப்போதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.