ஐந்தாம் வளைவில் திமிங்கலம் இல்லை

லண்டன் இல்ஃபோர்டில் இரண்டு கடை கட்டினேன். முதல் கடைக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை, கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை நீட்டிக் கட்டக் கவுன்சில் அனுமதி மறுத்துக்கொண்டே இருந்தது, அதையும் கட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் பிள்ளைகள் எல்லாரையும் பல்கலைக்கழகம் ஏற்றினேன். இவற்றுக்கெல்லாம் முன்னால், சுவீடனில் அகதியாக இருந்தபோது, பழைய கார்ப் பந்தயத் தடம் ஒன்றின் ஐந்தாம் வளைவைக் கட்டினேன்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒருவரும் நம்புவதில்லை. மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை, ஸ்ட்ரெதமில் இருக்கிறார், கார்ப் பைத்தியம். "மாமா, வளைவு மட்டும்தான் கட்டுனீங்களா, இல்ல ரேஸ்லயும் நீங்கதான் ஜெயிச்சீங்களா?" என்பார்.

அவர்தான் போன மாதம் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். பழைய பந்தயத் தடங்களைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பேசுகிறார், அதில் என்னுடைய தடமும் வருகிறது என்றார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

திரையில் தடத்தின் படம் விழுந்ததும் அடையாளம் கண்டுவிட்டேன். சட்டை மாட்டும் கொக்கியைப் போல அதே வடிவம். நீளமான நேர்ப்பாதை, பந்தயம் இல்லாத நாட்களில் அதிலே சின்ன விமானங்கள் இறங்கும். சுற்றிவரச் சதுப்பு நிலமும் காடும். சதுப்பில் கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் முன்னோடிகள் அந்தத் தடத்தை உண்டாக்கியிருந்தார்கள். நான் போன காலத்தில் ஐந்தாம் வளைவு வெளிப்பக்கம் சரிந்து, தண்ணீர் தேங்கி, கார்கள் வழுக்கி மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. அதை உடைத்து, உள்பக்கம் சரிவு வைத்துத் திரும்பப் போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஒருவன் என்பது அடக்கத்துக்குச் சொல்வது. ரோலர் ஓட்டியவன் நேரே போகத்தான் பார்த்தான். எனக்கு அவனுடைய பாஷை தெரியாது, அவனுக்கு என்னுடையது தெரியாது. ரோலருக்கு முன்னால் பின்புறமாக நடந்து, இரண்டு கையாலும் காட்டி, "வளை! வளை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் வளைத்தான். வேலை முடிவதற்குள் எல்லாரும் அந்த இடத்தை அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் நாக்கில் ளகரம் வராது. "வாலை" ஆகி, பிறகு தேய்ந்து "வால்" ஆனது. அதுவரை அந்த வளைவுக்கு வெறும் நம்பர்தான் இருந்தது.

பேச்சாளர் சிவப்பு ஒளியை ஐந்தாம் வளைவில் வைத்தார். இதன் பெயர் "வால்", சுவீடிஷ் மொழியில் திமிங்கலம் என்று அர்த்தம், மேலிருந்து பார்த்தால் திமிங்கலத்தின் முதுகு தெரியும், ரசனையுள்ள எவரோ பழைய காலத்தில் வைத்த பெயர் என்றார். சபை தலையாட்டியது. நான் கத்திய கத்தல் திமிங்கலமா?

மருமகன் பக்கம் திரும்பினேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். "மாமா, திமிங்கலம்னா லாஜிக்காத்தான் இருக்கு."

எழுந்து நின்றுவிட்டேன். "நோ வேல்! மை வேர்ட்!" என்றேன், திமிங்கலம் இல்லை, என்னுடைய சொல் என்று. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "நீர் சொல்லும், எனக்கு இங்கிலீசில முழுக்கச் சொல்ல ஏலாது" என்று மருமகனை எழுப்பினேன். அவர் எழுந்து ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொன்னனீர்?"

"நீங்க அங்க ஒரு காலத்துல வேலை பார்த்தீங்கன்னு."

"அவ்வளவுதானோ? கூட்டித் துடைச்சனான் எண்டு நினைக்கப் போறாங்கள்!"

"மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வளை எண்டு சொல்லும். எப்பிடி வளைக்கிறது எண்டு கையாலயும் காட்டும்."

பாவம், அந்தச் சபையில் நின்று கையைக் காட்டி "வளை, வளை" என்று இரண்டு தரம் சொன்னார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்படி ஒரு விளக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். தடத்தின் வாசலில் வளைவுகளின் பெயர்க் கதைகளோடு ஒரு கல் நிறுத்தப் போகிறார்களாம். திமிங்கலக் கதை அதில் ஏறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறதாம். உங்கள் கதையை எழுதித் தாருங்கள், கல்லுக்குக் கதைகளைத் தொகுப்பவர்களிடம் கொடுக்கிறேன் என்றார்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, "இஞ்சேருங்கோ, ஒரு வளைவுக்கு இவ்வளவு கொதிப்போ? விட்டிட்டுச் சாப்பிடுங்கோ" என்றாள். சாப்பிட்டேன். ஆனால் விடமாட்டேன். இதோ எழுதிவிட்டேன். கல்லில் திமிங்கலம் வரக்கூடாது. "வளை" என்று தமிழ் எழுத்தில் வெட்ட வேண்டும். அதன் கீழே, இந்தச் சொல்லைச் சொல்லி இந்த வளைவை வளைத்தவன் யாழ்ப்பாணத்துத் தொழிலாளி என்று என் பெயரையும் வெட்ட வேண்டும். எழுத்துப் பிழை வராமல் இருக்க நானே வந்து பக்கத்தில் நிற்பேன்.