நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே

பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி ஒருத்தி, துணி மூட்டைகளைச் சுமக்கப் பழைய கார் ஒன்று வாங்கினாள். ஐம்பது வயதில் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் கணவர். அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது; வாய் மட்டும் நாலு வண்டியை ஓட்டும்.

வண்டியை விற்றவர் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார்: இன்ஜின் ஆறியிருக்கும்போது, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவைப் பார், பச்சை நிறத் தண்ணீர் டப்பாவில் போட்டிருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பள்ளி திறக்கும் நேரம், தலைக்கு மேல் வேலை. சில நாட்களாக அவள் பானெட்டைத் திறக்கவேயில்லை.

மேட்டுச் சாலையில் பாதி ஏறியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்னால் ஆவி புகைந்தது. ஓரங்கட்டி அணைத்தாள். கணவர் துண்டை மடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"ஐயோ, தொடாதீங்க! மூஞ்சி வெந்துடும்!"

"வெறும் ஆவிதானே, ஒண்ணும் ஆகாது."

அவர் வாய் மூடுவதற்குள், வெடித்திருந்த ரப்பர் ஹோஸ் வழியாகக் கொதிநீர் சீறியது. மனிதர் ஒரே தாவலில் மூட்டைகள் இருந்த டிக்கிக்குப் பின்னால் போய் நின்றார்.

மெக்கானிக் வந்து வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போனார். புது ஹோஸ் மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். அவள் அதுவரை அங்கே கிடந்த ஓர் இரும்புக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்துப்போட்ட இன்ஜின். பெரிய துளைகள் நான்கு, அவற்றைச் சுற்றிலும் சின்னச் சின்னச் சந்துகள்.

"இது என்னங்க தம்பி?"

"பெரிய ஓட்டைக்குள்ள பெட்ரோல் எரியும்க்கா. சந்துல தண்ணி ஓடும்."

அவள் சந்துக்குள் சுண்டுவிரலை விட்டாள். கட்டைவிரலைத் துளைக்குள் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரும்புச் சுவர்.

"நெருப்புக்கும் தண்ணிக்கும் நடுவுல இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் இதன்மேலா பாட்டுக் கேட்டுக்கொண்டு போனோம்!

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கோடுகளுக்கு நடுவில் இருந்தது. மேடேறிப் பள்ளி வாசலில் மூட்டைகளை இறக்கியதும் மறுபடி திறந்தாள். மூடியில் கை வைக்கவில்லை; டப்பாவின் வெளியிலிருந்தே பார்த்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, காலையில இருந்ததவிட ஒரு விரக்கடை ஏறியிருக்கே. யாரு ஊத்துனா?"

"யாரும் ஊத்தல. சூட்டுல தானா விரிஞ்சிருக்கு. ஆறுனா இறங்கிடுமாம்."

"தானாவா?"

"தானாத்தான்."

வீடு திரும்ப அவசரம் ஒன்றுமில்லை. இருவரும் குனிந்தபடி நின்றார்கள். பச்சைத் தண்ணீர் கண்ணுக்கே தெரியாத நிதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.